துறைத் தலைவர் ஒரு தபால்காரரா?

இழையைத் தொடங்கிய கேள்வி, 8 பிப்ரவரி 2025

சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டாகத் தமிழ் கற்பிக்கிறேன். பள்ளி முதல்வர் முடிவெடுக்கிறார், ஆசிரியர் வகுப்பில் நிற்கிறார். இடையில் இருக்கும் பாடத் தலைவர்களும் துறைத் தலைவர்களும் மேலிருந்து வரும் மின்னஞ்சலைக் கீழே அனுப்புகிறார்கள், கீழிருந்து படிவங்களை வாங்கி மேலே அனுப்புகிறார்கள், ஆண்டிறுதியில் நம்மை மதிப்பிடுகிறார்கள். இதற்கு ஒரு தபால்காரர் போதும் என்பது என் கருத்து. இப்போது தமிழ்ப் பாடத் தலைவர் பொறுப்பை ஏற்கிறீர்களா என்று என்னையே கேட்டிருக்கிறார்கள். ஏற்பதற்கு ஒரு காரணமாவது யாரேனும் சொல்ல முடியுமா?

8 பிப்ரவரி, இரவு

அந்தப் பையை ஆறு ஆண்டுகள் தூக்கியவள் நான். ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ்ப் பாடத் தலைவராக இருந்துவிட்டு, பொறுப்பைத் திருப்பிக் கொடுத்து, இப்போது மூத்த ஆசிரியராக வகுப்பில் இருக்கிறேன். ஆகவே தபால்காரர் என்ற சொல்லுக்காக உங்களோடு சண்டைக்கு வரப் போவதில்லை.

ஆனால் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. கல்வி அமைச்சு 2001ஆம் ஆண்டில் ஆசிரியர் பணியைக் கற்பித்தல், தலைமைத்துவம், மூத்த வல்லுநர் என்று மூன்று தடங்களாக வகுத்தது. உங்களிடம் கேட்கப்பட்டிருப்பது தலைமைத்துவத் தடத்தின் கீழ்ப்படி. பாடத் தலைவர் அல்லது நிலைத் தலைவர், அதற்கு மேல் துறைத் தலைவர், அதற்கு மேல் துணை முதல்வர் என்று அந்த ஏணி போகிறது. துணை முதல்வருக்குக் கீழே இருக்கும் இவர்கள் பாடவேளை சற்றுக் குறைவாக இருந்தாலும் வகுப்பெடுப்பவர்கள். காலையில் மூன்றாம் வகுப்பில் மயங்கொலி எழுத்துகளோடு போராடிவிட்டு, மதியம் கூட்ட அறையில் அடுத்த ஆண்டுத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவரை வெறும் தபால்காரர் என்று சொல்ல முடியுமா?

நான் மனத்தில் வைத்திருப்பது 2020ஆம் ஆண்டின் ஒரு வாரத்தை. ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை, கோவிட்-19 பரவலைத் தடுக்கும் கிருமிமுறியடிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 8ஆம் தேதி புதன்கிழமை முதல் மாணவர்கள் முழுமையாக வீட்டிலிருந்தபடி கற்க வேண்டும் என்றார்கள். நடுவில் இருந்தவை இரண்டே பள்ளி நாள்கள். அந்த வாரயிறுதி முழுவதும் எங்கள் தாய்மொழித் துறைத் தலைவருக்கு நாலாபுறமிருந்தும் அறிவுறுத்தல்கள் வந்துகொண்டிருந்தன. எங்களுக்கு அவரிடமிருந்து வந்தது ஒரே ஒரு செய்திதான்: எந்த வீட்டில் கணினி இல்லை, எந்த வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கணினி, இதை மட்டும் திங்கட்கிழமை காலைக்குள் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். நாங்கள் மூன்று தமிழாசிரியர்களும் பெற்றோரை ஒவ்வொருவராக அழைத்தோம். கணினி தேவைப்பட்டவர்களுக்குப் பள்ளி இரவல் கொடுத்தது. பல மாதங்கள் கழித்து ஏதோ ஒரு பழைய கோப்பைத் தேடியபோது அவர் தம் மின்னஞ்சல் பெட்டியை என் முன்னால் திறந்தார். அந்த இரண்டு நாள்களில் அவருக்கு வந்து, எங்களை எட்டாமலே நின்றுபோன கடிதங்கள் ஒரு திரை முழுவதும் நிறைந்திருந்தன. வந்த கடிதத்தைப் பட்டுவாடா செய்யாமல் வைத்துக்கொள்ளும் தபால்காரரை வேலையைவிட்டு நீக்கிவிடுவார்கள். அவரை நீக்கியிருந்தால் நாங்கள் தவித்திருப்போம்.

9 பிப்ரவரி, காலை

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தத் துறைத் தலைவர் சீன மொழி ஆசிரியர், அவருக்குத் தமிழ் தெரியாது. சிங்கப்பூருக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். இங்கே பல பள்ளிகளில் சீன, மலாய், தமிழ் ஆசிரியர்கள் தாய்மொழித் துறை என்ற ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். சீன ஆசிரியர்களின் எண்ணிக்கை மிகுதி என்பதால் தலைமை பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விடும். தமிழுக்கு ஒரு பாடத் தலைவர் இருந்தால் நல்லூழ். இல்லாவிட்டால் பதவிப் பெயரே இல்லாமல் ஒருவர் அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பார்.

நான் பாடத் தலைவராவதற்கு முந்தைய ஆண்டில் அவர் என் வகுப்பைப் பார்வையிட வந்தார். படத்தைப் பார்த்துப் பேசும் பாடம், தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும் காட்சி. நான் நன்றாகத் தயார் செய்திருந்தேன், பிள்ளைகளும் பேசினார்கள், எனக்கே என்மேல் ஒரு பெருமிதம். மொழி தெரியாதவர் வந்து என்னத்தைப் பார்த்துவிடப் போகிறார் என்ற அலட்சியமும் இருந்ததை மறைப்பானேன். அவர் பின்வரிசையில் அமர்ந்து ஒரு தாளில் கட்டங்கள் வரைந்துகொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். அது என் வகுப்பின் இருக்கை வரைபடம், யார் பேசினாலும் அவர் கட்டத்தில் ஒரு புள்ளி. முன்வரிசையில் புள்ளிகள் மழைத்துளிபோல் அடர்ந்திருந்தன. ஒன்பது கட்டங்களில் ஒன்றுமில்லை. "நீங்கள் சொன்னது எதுவும் எனக்குப் புரியவில்லை, ஆனால் இந்த ஒன்பது பேரும் அரைமணி நேரத்தில் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை" என்றார்.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. தமிழ் தெரிந்தவர்கள் அதற்கு முன் பலமுறை என் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள். உச்சரிப்பு, ஒற்றுப்பிழை, பாட்டு நன்றாக இருந்தது என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். பேசாத பிள்ளைகளை எண்ணிப் பார்த்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை, நானும் எண்ணியதில்லை.

9 பிப்ரவரி, மாலை

முதல்வருக்கும் ஆசிரியருக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தலைவர்களைச் சேர்த்து அழைக்க நல்ல தமிழ்ச்சொல் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இடைநிலைத் தலைவர் என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் இடைநிலை ஆசிரியரை நினைத்துக்கொள்வார். அங்கே அது வேறொரு பணிநிலை. நடுத்தலைவர் என்றால் பட்டிமன்ற நடுவர்போல் ஒலிக்கிறது. இடைத்தலைவர் என்று சுருக்கினால் இடுப்புக்குத் தலைவராகிவிடுவோம். அந்த ஆறு ஆண்டுகளில் எனக்கு வந்த இடுப்புவலியை நினைத்தால் இதுவே பொருத்தம் என்று தோன்றுகிறது. ஆசிரியர் அறையில் எல்லோரும் ஹெச்ஓடி என்றுதான் சொல்கிறோம்.

15 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். நான் சொன்னது ஒரு நல்ல மனிதரைப் பற்றிய கதை, அந்தப் பதவியைப் பற்றியது அன்று என்கிறார். சரியான இடத்தில் பிடித்திருக்கிறார். ஆகவே நானே தபால்காரியாக இருந்த கதையைச் சொல்கிறேன்.

2019ஆம் ஆண்டு முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளில் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகளோ மதிப்பீடுகளோ கிடையாது என்று அமைச்சு அறிவித்திருந்தது. அறிவிப்பு முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே வந்துவிட்டதால் தயாராவதற்கு நேரம் இருந்தது. நான் செய்தது இவ்வளவுதான்: சுற்றறிக்கையை என் இரண்டு சக ஆசிரியர்களுக்கும் அனுப்பி, மேலே "அடுத்த ஆண்டு முதல் நடைமுறைப்படுத்தவும்" என்று ஒரு வரி எழுதினேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவரான ஓர் ஆசிரியைக்கும் அதே வரிதான் போனது. அவர் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தார். ஏப்ரல் மாதம் ஒரு பெற்றோர் துணை முதல்வருக்கு எழுதினார்: தேர்வு இல்லை என்கிறீர்கள், என் மகளோ வாரந்தோறும் வெள்ளிக்கிழமை இருபது மதிப்பெண்ணுக்குச் சொல்வதெழுதுதல் எழுதி, மதிப்பெண் பட்டியலில் என் கையொப்பம் வாங்கி வருகிறாளே, இது என்ன?

துணை முதல்வர் என்னை அழைத்துக் கேட்டபோது, சுற்றறிக்கையை அனுப்பிவிட்டேன், தேதிகூட இருக்கிறது என்று கைப்பேசியை எடுத்துக் காட்டினேன். அதாவது கடிதம் பட்டுவாடா ஆனதற்கான சான்றைக் காட்டினேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆசிரியையைத்தான் அழைத்துப் பேசினார். அந்த அம்மையார் அன்று மதியம் என் மேசைக்கு வந்து, "பரீட்சை வேண்டாம்னு சொன்னீங்க. பிள்ளைக்கு எழுத்து வருதா இல்லையான்னு அப்போ நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது? அதை நீங்க சொல்லவே இல்லையே" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் விதியை மீற நினைக்கவில்லை. முப்பது ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்த ஒரே கருவியை ஒரு வரியில் பிடுங்கிக்கொண்டு, வேறொன்றைக் கொடுக்காமல் நான் போயிருக்கிறேன்.

பிறகு இருவரும் உட்கார்ந்தோம். பிள்ளை வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்ள ஒரு சிறு அட்டை செய்தோம். சொல்வதெழுதுதல் அப்படியே இருக்கட்டும், ஆனால் மதிப்பெண் வேண்டாம், தவறிய சொல்லைப் பிள்ளையே தேடித் திருத்தட்டும் என்று முடிவு செய்தோம். இதையெல்லாம் முந்தைய அக்டோபரிலேயே செய்திருக்க வேண்டும், அதற்குத் தேவைப்பட்டது இரண்டு மதிய நேரங்கள். நம்ப மாட்டீர்கள், அந்த அட்டையை அவரே பின்னால் மற்றோர் ஆசிரியருக்குக் கற்றுக்கொடுத்தார்.

எனவே, தம்பி, பதவியில் தபால்காரர் வேலை இருக்கிறது. வேறொன்றும் அதில் இருக்கிறது, ஆனால் அதை யாரும் உங்களிடம் கேட்டு வாங்க மாட்டார்கள். செய்யாமல் விட்டால் பல மாதங்கள் வரை வெளியே தெரியாது.

(பின்சேர்க்கை: உங்களைத் தம்பி என்று அழைத்தது பழக்கதோஷம். தங்கையாக இருந்தால் மன்னிக்கவும்.)

16 பிப்ரவரி

தங்கைதானாம். திருத்திக்கொள்கிறேன்.

ஆண்டிறுதி மதிப்பீட்டைப் பற்றிச் சிலர் சூடாக எழுதியிருக்கிறார்கள். இப்போதைய செயல்திறன் மதிப்பீட்டு முறை 2005ஆம் ஆண்டு முதல் எல்லாப் பள்ளிகளிலும் நடப்பில் இருக்கிறது. ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு மதிப்பீட்டு அதிகாரி உண்டு, பொதுவாக அவர் துறைத் தலைவராகவோ பாடத் தலைவராகவோ இருப்பார். ஆண்டு தொடக்கத்தில் இலக்குகளைப் பேசி, நடுவில் ஒருமுறை பார்த்து, இறுதியில் எழுத வேண்டும். அந்தத் தரநிலை ஊக்கத்தொகையையும் தொடும் என்பதால் அது வெறும் காகிதம் அன்று. நேற்றுவரை உணவகத்தில் என்னோடு மீ கோரெங் பங்கிட்டுச் சாப்பிட்ட தோழியின் பெயருக்கு எதிரே நான் எழுத வேண்டியிருந்தது. முதல் ஆண்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைப்பதைக்கூட அளந்து செய்தோம்.

இந்தத் தரநிலையைப் பேசும் ஆண்டிறுதி மதிப்பீட்டுக் கூட்டத்தில் சிறிய துறைக்குத் தனித் தொல்லை உண்டு. கணிதத் துறையில் பதினைந்து பேர் இருந்தால் ஒருவர் வேலையை மற்றவர் பார்த்திருப்பார், மேசையைச் சுற்றி இருப்பவர்களுக்கும் கேள்வி ஞானம் இருக்கும். தமிழாசிரியர் மூன்று பேர். அவர்கள் எழுதும் பயிற்சித்தாளை அந்த அறையில் படிக்கக்கூடியவர் யாரும் இல்லை. ஆகவே "நல்ல ஆசிரியை, கடினமாக உழைப்பவர்" என்று பொதுவாகச் சொன்னால் அது காற்றில் போய்விடும். இன்ன பிள்ளை ஜனவரியில் இப்படி எழுதினான், செப்டம்பரில் இப்படி எழுதுகிறான் என்று இரண்டு தாள்களை அருகருகே வைத்து, ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்லப் பழகினேன். அந்த அறையில் தங்களுக்காகப் பேச ஆள் இல்லாத தமிழாசிரியர்கள் இந்தத் தீவில் எத்தனை பேர் என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன். உங்கள் முதல் கேள்விக்குக் காரணம் ஒன்று வேண்டுமென்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1 மார்ச்

இந்தப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத் தேசியக் கல்விக் கழகத்தில் நடக்கும் பதினேழு வாரப் பயிற்சி பயனுள்ளதா என்று கேட்கிறார்கள். பள்ளி வேலையிலிருந்து முழுமையாக விடுவித்து அனுப்புவார்கள். நான் போனேன். பாதி பயன். அறிவியல் துறைத் தலைவர், ஒழுங்குமுறைப் பொறுப்பாளர், உடற்கல்விக்காரர் என்று பல பள்ளிகளிலிருந்து வந்தவர்களோடு உட்கார்ந்தபோதுதான் எனக்கு இருந்த சிக்கல்களில் பலவும் தமிழுக்கே உரியவை அல்ல என்று புரிந்தது. முதல்வர் ஒன்று சொல்கிறார், ஆசிரியர்கள் ஒன்று சொல்கிறார்கள், இரண்டும் நியாயமாக இருக்கிறது என்ற புலம்பலை எல்லாப் பாடங்களிலும் கேட்டேன். மீதிப் பாதியைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. திரும்பி வந்தபோது என் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் மாற்றாசிரியரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள், அது கொஞ்சம் உறுத்தியது.

8 மார்ச்

உயர்நிலைப்பள்ளிகளில் 2024ஆம் ஆண்டு சேர்ந்த மாணவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் எடுக்கப்பட்டு, ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்று அவரவர் திறனுக்கேற்ற நிலையில் படிக்கும் முறை வந்திருக்கிறது. இதில் நடுவில் இருப்பவர்களின் வேலை கூடியிருக்கிறது என்று என் தோழிகள் சொல்கிறார்கள். எந்தப் பிள்ளை எந்த நிலைக்கு மாறலாம் என்று ஆசிரியர் சொல்வதையும் கால அட்டவணை இடம் கொடுப்பதையும் சேர்த்துவைக்க ஒருவர் வேண்டும். நான் தொடக்கப்பள்ளிக்காரி, இதற்கு மேல் பேசினால் அதிகப்பிரசங்கம்.

15 மார்ச்

விடுமுறை தொடங்கியதும் பழைய குறிப்பேடுகளைத் தேடி எடுத்தேன். பிப்ரவரி 9ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். பத்தொன்பது பிள்ளைகளில் புள்ளியில்லாத கட்டங்கள் ஒன்பது அல்ல, ஏழு. சொல்லிச் சொல்லிக் கதை வளர்ந்திருக்கிறது. அந்த ஏழு பேரில் ஒருவன் பேசாதவனும் அல்லன். பக்கத்தில் இருந்தவனுக்கு விடையை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பின்வரிசையிலிருந்து அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அதைவிடப் பெரிய திருத்தம் ஒன்று இருக்கிறது. என் கதையில் அவரைக் கண்ணுள்ளவராகவும் தமிழ் தெரிந்தவர்களைக் குருடர்களாகவும் ஆக்கிவிட்டேன். அதே தாளின் கீழே அவர் ஒரு சிறுமியின் கட்டத்தைச் சுற்றி வட்டமிட்டு, "மிகச் சரளமாகப் பேசுகிறாள்" என்று பாராட்டி எழுதியிருந்தார். அந்தச் சிறுமி சொன்னது, "மக்கள் காய்கறிகளை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், கடைக்காரர் புன்னகை புரிகிறார்" என்பது. துணைப்பாட வகுப்பில் (டியூஷனில்) மனப்பாடம் செய்த வாக்கியங்கள் அவை. பக்கத்தில் இருந்த பையன் தட்டுத்தடுமாறி, "அந்த ஆன்ட்டி தக்காளி வாங்குறாங்க, ஆனா அங்கிள் சில்லறை இல்லேன்னு சொல்றாரு" என்றான். 2005ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் கேட்டதே இந்தப் பையனுக்காகத்தான். அவன் படத்தில் இல்லாத சில்லறையைத் தானே கண்டுபிடித்துப் பேசியிருக்கிறான். அவனுக்கு ஒரு புள்ளி, சிறுமிக்கு ஒரு புள்ளி, வட்டம் மட்டும் சிறுமிக்கு. இரண்டு புள்ளிகளும் ஒன்றல்ல என்று அந்தப் பெண்மணியிடம் சொல்லத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஏழு கட்டங்களை என்னிடம் காட்ட அவரும் வேண்டும்.

நான் பாடத் தலைவரான பிறகு இருவரும் சேர்ந்தே வகுப்புகளைப் பார்வையிட்டோம். அவர் புள்ளி வைப்பார், நான் சொற்களைக் குறிப்பேன். சில நாள் இரண்டு தாள்களும் ஒத்துப்போகாது. அன்றைக்குப் பேச்சு நீளும்.

12 ஏப்ரல்

இவ்வளவு சொல்கிறீர்களே, ஏன் விட்டீர்கள் என்று தங்கை கேட்டிருக்கிறார். தவிர்க்கப் பார்த்தேன், தவிர்க்க முடியவில்லை.

ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா என்பது உங்களுக்குத் தெரியும். என் ஆறாம் ஆண்டு ஏப்ரலில் கதை சொல்லும் போட்டி, பேருந்து ஏற்பாடு, பெற்றோர் ஒப்புதல் படிவம், தாய்மொழி இருவாரத் திட்ட வரைவு, புதிதாக வந்த ஆசிரியைக்கு வழிகாட்டல் எல்லாம் ஒன்றாக வந்தன. மூன்றாம் வகுப்புக்கு நான் போக வேண்டிய பாடவேளைகளில் பாதிக்கும் மேல் வேறு யாராவது போனார்கள். ஒரு வியாழக்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது ஒரு பையன் எழுந்து, "ஆசிரியை, இன்னைக்கு நீங்களா வர்றீங்க?" என்று கேட்டான். கேலி இல்லை, குறை இல்லை, தகவலுக்காகக் கேட்டான்.

அந்த வாரம் என் இருக்கை வரைபடத்தை நானே வரைந்து பார்த்தேன். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறும் என்று பதினொரு பேருக்குத்தான் எழுத முடிந்தது. மற்ற பிள்ளைகளின் முகம் தெரிந்தது, கையெழுத்து தெரியவில்லை. மற்றவர் வகுப்பைப் பார்த்துச் சொல்லும் தகுதி எனக்கு என் வகுப்பிலிருந்துதான் வந்தது. அது தேய்வதைக் கண்டேன். ஆண்டிறுதியில் தடம் மாறக் கேட்டுக்கொண்டேன். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. எங்கள் துறைத் தலைவர் பணி ஓய்வு பெறும்வரை இரண்டையும் தாங்கினார். எப்படி என்று கேட்டபோது, "வெள்ளிக்கிழமை மதியம் நான் எந்தக் கூட்டத்துக்கும் போக மாட்டேன், அது எல்லோருக்கும் தெரியும்" என்றார். அந்த மதியங்களில் அவர் பயிற்சித்தாள் திருத்துவார். எனக்கு அந்தப் பிடிவாதம் வரவில்லை.

26 ஏப்ரல்

ஏற்றுக்கொண்டதாகத் தங்கை எழுதியிருக்கிறார். ஜூன் விடுமுறைக்குப் பிறகு பொறுப்பு தொடங்குகிறதாம். அப்படியென்றால் இப்போதே இரண்டைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை பாடவேளை குறைப்பார்கள் என்பதும், ஆண்டிறுதி மதிப்பீட்டுக் கூட்டத்தில் உங்களுக்கு நாற்காலி உண்டா என்பதும். இரண்டாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், உங்களுக்காக அங்கே பேசப்போகும் துறைத் தலைவருக்கு உங்கள் ஆசிரியர்களின் பயிற்சித்தாள்களை இப்போதிருந்தே ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டத் தொடங்க வேண்டும், அது நவம்பரில் ஒரே நாளில் நடக்கும் காரியம் அன்று.

முதல் வாரம் யாருக்கும் படிவம் அனுப்ப வேண்டாம். உங்கள் சக ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அவர் வகுப்பின் பின்வரிசையில் போய் உட்காருங்கள். கட்டம் போட்ட தாள் ஒன்று போதும். சொற்களுக்கு ஓரத்தில் இடம் விட்டு வையுங்கள்.